முற்றத்துக் கோழியும் கூண்டுக் கோழியும்



கடைக்குச் சென்று முட்டை கேட்டால், "நாட்டு முட்டையா, வெள்ளை முட்டையா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. முன்னதன் விலை பெரும்பாலும் இருமடங்கு. அதற்கு மேலும் உண்டு. வீட்டில் நோயாளியோ கருவுற்ற பெண்ணோ இருந்தால், கடன்பட்டேனும் நாட்டு முட்டையையே வாங்குவோரை நான் அறிவேன். வெள்ளை முட்டையில் சத்தில்லை என்னும் எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது. அதில் உண்மை எவ்வளவு என்று காண வேண்டுமாயின், கோழியானது முற்றத்தை விட்டுக் கூண்டுக்குள் புகுந்த வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

கோழிக்கு மூதாதை, தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி. அது தன் இனம் பெருகுவதற்கென ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைகளே இடும். மனிதனோடு வாழப் பழகிய நாட்டுக்கோழி அறுபது, எண்பது என இடும். ஓர் ஈடு முட்டையிட்டவுடன் அடை காக்க உட்கார்ந்துவிடும். பின்பு குஞ்சுகளுடன் திரியும். அம்மாதங்களில் முட்டை ஏது? இத்தாலி நாட்டு லிவோர்னோத் துறைமுகத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கா சென்ற ஓர் இனம், அத்துறைமுகத்தின் ஆங்கிலப் பெயராலேயே லெக்கார்ன் எனப்பட்டது. அடைகாக்கும் இயல்பு அதற்கு மிகக் குறைவு. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததன் பயனாக, அதன் வழிவந்த கோழிகள் இன்று ஆண்டுக்கு முந்நூறு முட்டைகளுக்கு மேல் இடுகின்றன. அவ்வினத்தின் முட்டையோடு வெண்மையானது. ஓட்டின் நிறம் கோழியின் பரம்பரையைக் காட்டுமேயன்றி, உள்ளிருக்கும் சத்தைக் காட்டாது.

ஆயினும், இத்தகைய கோழியையும் கட்டடத்துக்குள் அடைத்து வளர்க்க நெடுங்காலம் இயலவில்லை. அடைத்தால் குஞ்சுகளின் கால்கள் வலுவிழந்து மடங்கின, பல இறந்தன. காரணம் விளங்கவில்லை.

உணவில் கண்ணுக்குப் புலப்படாத சத்துகள் உள என்பதை உலகுக்கு முதலில் உணர்த்தியவற்றுள் கோழியும் ஒன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1886இல் டச்சுக்காரரின் ஆட்சியிலிருந்த ஜாவாத் தீவுக்கு பெரிபெரி நோயை ஆராயச் சென்ற குழுவில் கிறிஸ்தியான் ஐக்மன் என்னும் இளம் மருத்துவர் இருந்தார். பட்டேவியா நகர இராணுவ மருத்துவமனையில் அவர் வளர்த்த கோழிகள் திடீரென்று தள்ளாடி விழுந்தன. பின்னர்த் தாமே தேறின. விசாரித்ததில் உண்மை வெளிப்பட்டது. மருத்துவமனைச் சமையற்கூடத்தில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு கோழிகளுக்கு இடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்துக்குரிய சோற்றை இராணுவத்தைச் சேராத கோழிகளுக்குத் தருவதா என்று மறுத்துவிட்டார்! தீட்டாத அரிசியைத் தின்னத் தொடங்கியதும் அவை பிழைத்தன. அந்தச் சமையற்காரரின் கறாரால் விளைந்த நன்மையை என் வகுப்புகளில் நான் சொல்லத் தவறியதில்லை. தவிட்டிலுள்ள அந்தப் பொருளே பிற்காலத்தில் தையமின் எனப்பட்டது. ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

கால் வலுவிழத்தலின் புதிர் 1920களின் தொடக்கத்தில் அவிழ்ந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், ஸ்டீன்பாக் முதலிய அறிஞர்கள், குஞ்சுகளை வெயிலில் விட்டால் அந்நோய் வருவதில்லை என்று காட்டினர். வெயிலுக்கு ஈடாக காட் என்னும் மீனின் ஈரல் எண்ணெயும் உதவியது. சாளரக் கண்ணாடி வழியே புகும் வெயிலால் பயனில்லை. வேண்டிய புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். இங்குச் செயற்பட்டது உயிர்ச்சத்து டி. தீவனத்தில் அதைக் கலந்ததும், வெயிலே காணாத கோழியும் பிழைத்தது, முட்டையும் இட்டது. விளக்கொளியால் பகலை நீட்டினால் குளிர்காலத்திலும் முட்டை கிடைத்தது. அதன் பின்பு கூண்டுகள் வரிசை வரிசையாக எழுந்தன. நம் நாமக்கல் வட்டாரத்தில் நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை கிடைப்பது இவ்வரலாற்றின் தொடர்ச்சியே.

இனி வினாவுக்கு வருவோம். ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம் புரதம் உள்ளது. நாட்டு முட்டை சிறிதாதலின் அதில் சற்றுக் குறைவாகவே இருக்கும். புரதத்தின் தரத்தில் வேற்றுமை சொல்வதற்கில்லை. மஞ்சட்கரு செம்மஞ்சளாக இருப்பதைக் கண்டு மகிழ்கிறோம். அந்நிறம் பச்சிலை, சோளம் முதலியவற்றின் நிறப்பொருள். செவ்வந்தி இனத்துத் துலுக்கச் சாமந்திப் பூவின் சாற்றைத் தீவனத்தில் கலந்தால் கூண்டுக் கோழியும் அதே நிறத்தைத் தரும்.

எனினும் வேற்றுமையே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வில், புல்வெளியில் மேய்ந்த கோழிகளின் முட்டையில் உயிர்ச்சத்து ஈ இருமடங்காகவும், ஒமேகா-3 என்னும் கொழுப்பமிலம் இரண்டரை மடங்காகவும் இருந்தன. ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வெயிலில் திரிந்த கோழிகளின் மஞ்சட்கருவில் உயிர்ச்சத்து டி மூன்று மடங்குக்கும் மேலாக இருந்தது. ஆகவே பழைய நம்பிக்கையில் உண்மையின் ஒரு கூறு உண்டு. ஆனால் அச்சிறப்பு வெயிலாலும் பசும்புல்லாலும் வந்தது, சாதியால் வந்ததன்று. நாட்டுக்கோழியையே கூண்டில் அடைத்துத் தீவனம் இட்டால் அச்சிறப்பு ஏது? பழுப்பு முட்டையிடும் கலப்பினக் கோழிகளும் கூண்டுகளில் உள. அம்முட்டைக்கு நாட்டு முட்டையின் விலை கொடுப்பது வீண்.

புதியது எது என்பதிலும் மயக்கம் உண்டு. சிற்றூர்ப் பாட்டி பத்து நாள் சேர்த்துச் சந்தைக்குக் கொணரும் முட்டை, பண்ணையிலிருந்து மூன்றாம் நாள் கடைக்கு வந்த முட்டையினும் பழையதே. சேவலோடு திரியும் கோழியின் முட்டை கருவுற்றதாக இருக்கக்கூடும். நம் கோடை வெப்பத்தில் கரு வளரத் தொடங்கிவிடும். சேவலில்லாப் பண்ணையில் இட்டது கருவுறாதது. ஆதலின் கெடாது நிற்கும். அதிலிருந்து குஞ்சு பிறவாது என்பதால், பால் அருந்துவோர் அதனை உண்ணத் தடையில்லை என்று காந்தியடிகள் 1942இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் எழுதிய உடல்நல நூலில் கூறியுள்ளார்.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் ஒரு தாய், "இயந்திர முட்டை என் மகனுக்கு வேண்டா" என்று சொல்லி அனுப்பினார். வீட்டில் நாட்டு முட்டை வாங்க வழியில்லை. ஆகவே அச்சிறுவனுக்கு எம்முட்டையும் இல்லை. நம் மாநிலச் சத்துணவில் 1989இல் இரு வாரங்களுக்கு ஒரு முட்டையாகத் தொடங்கியது, படிப்படியாக உயர்ந்து 2010 முதல் வாரத்துக்கு ஐந்தாயிற்று. கூண்டுக் கோழி இல்லையேல் அத்தனை பிள்ளைகளின் தட்டில் முட்டை வந்திராது. அத்தாயிடம் இதனை இரண்டு முறை நேரில் சென்று விளக்கினேன். மூன்றாம் வாரம் பையன் வரிசையில் நின்றான்.

கூண்டைப் பற்றிய வேறொரு வினா எஞ்சுகிறது. அது நம் உடலைப் பற்றியதன்று, கோழியைப் பற்றியது. ரூத் ஹாரிசன் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1964இல் எழுதிய நூல் அதனை எழுப்பியது. ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் வகுத்த விதியில், கூண்டில் கோழி ஒன்றுக்குக் குறைந்த அளவாகக் குறித்த இடம் 550 சதுர சென்டிமீட்டர். நீங்கள் தேர்வெழுதும் ஏ4 தாள் அதனினும் பெரிது. அத்தகைய வெறுங்கூண்டு அங்கே 2012 சனவரி முதல் தடைசெய்யப்பட்டது. முட்டையின் மேலேயே எண் பொறிக்கும் வழக்கமும் அங்கு உண்டு: 0 எனில் இயற்கை வேளாண்மை, 1 எனில் திறந்தவெளி, 2 எனில் கொட்டகை, 3 எனில் கூண்டு. ஓட்டின் நிறத்தைப் பார்த்து ஊகிக்கும் வேலை வாங்குவோருக்கு இல்லை.