முதலீட்டாளர் கல்விக்கான நிதியுதவி: தாம்பரமும் சென்னையின் தென்புறநகரும்

சேமிப்பு, முதலீடு, காப்பீடு, கடன் ஆகியவற்றைப் பற்றிப் பொதுமக்களுக்குச் சொல்லித்தரும் சங்கங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் அரசு நிதியங்களும் ஒழுங்குமுறை ஆணையங்களும் வழங்கும் பணம் முதலீட்டாளர் கல்வி நிதியுதவி எனப்படும். இந்தியாவில் இந்தப் பணத்தின் வேர் பெரும்பாலும் வரியில் இல்லை. உரியவர் கேட்டு வாங்காத டிவிடெண்டு, ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத வங்கிக் கணக்கு, மியூச்சுவல் ஃபண்டுக்காரர்களின் செலவுக் கணக்கில் ஒரு சிறு பங்கு என்று அது சேர்கிறது. ஒரு குடும்பம் விவரம் தெரியாமல் விட்ட பணத்தைக் கொண்டு இன்னொரு குடும்பத்துக்கு விவரம் சொல்லித்தருகிறார்கள். அதனால் இதில் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்கும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு.

மூன்று ஊற்றுகள்

முதலாவது, மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் கீழுள்ள முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியம். 1999-ல் கம்பெனிச் சட்டத்தில் செய்த திருத்தத்தால் இதற்கு வழி பிறந்தது. 2001-ல் விதிகள் வந்தன. ஏழு ஆண்டுகள் வாங்கப்படாமல் கிடக்கும் டிவிடெண்டை நிறுவனம் இந்த நிதியத்தில் செலுத்திவிட வேண்டும். பழைய சட்டப்படி அப்படிப் போன பணத்தை உரியவர் திரும்பக் கேட்க முடியாது. இந்த அநீதியை 2013-ம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. 2016 செப்டம்பரில் தனி ஆணையம் அமைந்த பிறகு, உரியவரோ வாரிசோ விண்ணப்பித்துப் பணத்தை மீட்கலாம். அதே சட்டம் இன்னொன்றும் செய்தது: தொடர்ந்து ஏழு ஆண்டு டிவிடெண்டு வாங்காவிட்டால் பங்குகளே நிதியத்துக்குப் போய்விடும்.

இரண்டாவது, ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதியம். 2014-ல் தொடங்கிய இதற்குப் பத்து ஆண்டுகள் அசையாத கணக்குகளின் பணம் வருகிறது. இந்தப் பணத்தின் துணையோடு 2017-ல் நிதிக் கல்வி மையங்கள் சோதனை முறையில் தொடங்கின. அவற்றை நடத்தத் தேர்வான ஆறு தொண்டு நிறுவனங்களில் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தான் அறக்கட்டளையும் ஒன்று. பிறகு விரிவாக்கியபோது மூன்று ஊராட்சி ஒன்றியங்களுக்கு ஒரு மையம் என்று கணக்கு வகுத்தார்கள்.

மூன்றாவது, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான செபி. 2009-ல் வந்த விதிகளின்படி தனக்கென ஒரு முதலீட்டாளர் பாதுகாப்பு மற்றும் கல்வி நிதியத்தை அது நடத்துகிறது. அங்கீகாரம் பெற்ற முதலீட்டாளர் சங்கங்களுக்கு இதிலிருந்து உதவி கிடைக்கும். சென்னையில் இயங்கும் தமிழ்நாடு முதலீட்டாளர் சங்கம் அவ்வகை அமைப்பு. மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்கள் தாம் நிர்வகிக்கும் சொத்தில் ஆண்டுக்கு 0.02 விழுக்காட்டை முதலீட்டாளர் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்றும் 2012-ல் செபி விதித்தது. நூறு கோடிக்கு இரண்டு லட்சம். அதைக் கொடுப்பவர் முதலீட்டாளரேதான்.

இவை தவிர, நான்கு நிதி ஒழுங்குமுறை ஆணையங்கள் 2013-ல் சேர்ந்து அமைத்த தேசிய நிதிக் கல்வி மையம் பள்ளிகளிலும் பணியிடங்களிலும் வகுப்பு நடத்துகிறது. அது 2019-ல் எடுத்த ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் நிதியறிவு உடையவர் 27 விழுக்காட்டினரே.

தென்புறநகரின் நிலை

கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியது. அந்தத் தடத்தை ஒட்டிப் பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் என்று சம்பளக்காரர் குடியிருப்புகள் வளர்ந்தன. விமானப்படை நிலையம், ரயில்வே, சானடோரியத்தில் 1984-ல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் எல்லாம் மாதச் சம்பளத்தையும் பிறகு ஓய்வூதியத்தையும் இந்தப் பகுதிக்குக் கொண்டுவந்தன. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள் கொண்ட தாம்பரம் மாநகராட்சி ஆயின.

இப்படிப்பட்ட ஊரில் பணம் இரண்டு வழிகளில் கைவிட்டுப் போகிறது. ஒன்று மறதி. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் புதிய பங்கு வெளியீடுகளில் விண்ணப்பம் போட்டவர்கள் பலர். வாடகை வீடு மாறியபோது நிறுவனத்துக்கு முகவரி மாற்றம் எழுதவில்லை. டிவிடெண்டு வாரண்டு பழைய வாசலுக்கே போய்த் திரும்பியது. அப்பாவின் பீரோவில் கிடக்கும் பங்குப் பத்திரம் என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரியாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு காகிதப் பத்திரமாகவே பங்கைப் பெயர் மாற்றி விற்க முடியாது, டிமேட் கணக்கு வேண்டும் என்ற செய்தியும் அந்த வீடுகளை எட்டவில்லை. நாமினி பெயர் எழுதாத கணக்கு, வாரிசுச் சான்று வாங்கச் சலித்து விட்ட வைப்பு, இவையும் இந்த வரிசையில் சேரும்.

இரண்டாவது ஆசை காட்டி மோசம். ஆருத்ரா கோல்டு டிரேடிங் விவகாரம் 2022-ல் வெடித்தது. மாதம் 25 முதல் 30 விழுக்காடு வரை வட்டி தருவதாகச் சொல்லிச் சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்ததாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் தெரிவித்தது. இத்தகைய வசூலை எதிர்க்கத் தமிழ்நாட்டில் 1997-லிருந்தே வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் வேலை செய்யத் தொடங்குவது பணம் போன பிறகு. முன்கூட்டியே ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தக்கூடியது பக்கத்துத் தெருவில் நடக்கும் ஒரு வகுப்புதான். பணி ஓய்வு நாளில் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் மொத்தமாகக் கைக்கு வரும் அந்தச் சில மாதங்களில் அந்த வகுப்பு மிகவும் தேவைப்படுகிறது.

யாருக்குக் கிடைக்கும்

மூன்று ஊற்றுகளில் முதலாவதான மத்திய நிதியத்தின் விதிகள் உதவி கேட்கும் அமைப்புக்குச் சில தகுதிகளைச் சொல்கின்றன. சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவாகியிருக்க வேண்டும். குறைந்தது 20 உறுப்பினரும் இரண்டு ஆண்டுச் செயல்பாடும் வேண்டும். லாப நோக்கம் கூடாது. தணிக்கை செய்த கணக்கு காட்ட வேண்டும். நிகழ்ச்சிச் செலவு முழுவதையும் நிதியம் ஏற்காது. ஒரு பங்கை அமைப்பே திரட்ட வேண்டும்.

குடியிருப்போர் நலச்சங்கங்கள் தென்புறநகரில் தெருவுக்குத் தெரு உண்டு. குடிநீர், மழைநீர் வடிகால், ரயில் நிறுத்தம் என்று மனு எழுதிப் பழகியவர்கள் அவற்றை நடத்துகிறார்கள். ஆனால் பதிவைப் புதுப்பிக்காத, தணிக்கை செய்யாத சங்கத்துக்கு இந்தக் கதவு திறக்காது. ஒன்றியக் கணக்கில் வகுத்த நிதிக் கல்வி மையங்களும் மாநகராட்சி வார்டுகளுக்கு எளிதில் பொருந்துவதில்லை. முடிச்சூரும் மேடவாக்கமும் புனித தோமையார்மலை ஒன்றியத்தில் வருகின்றன. அடுத்த தெருவில் தொடங்கும் மாநகராட்சி எந்த ஒன்றியத்திலும் இல்லை.

இன்னொரு குறை அளவுகோலில் இருக்கிறது. எத்தனை முகாம், எத்தனை பேர் கையெழுத்து என்பதுதான் அறிக்கைகளில் முதலில் நிற்கிறது. ஒரு மாலை நேரக் கருத்தரங்கில் உண்டு கலைந்தவர்களில் எத்தனை பேர் நாமினி பெயரைப் பதிந்தார்கள், எத்தனை பேர் பழைய பங்கை மீட்டார்கள் என்று யாரும் திரும்பிப் போய்க் கேட்பதில்லை. விற்கும் நிறுவனமே ஆசிரியராக வரும்போது கல்வி விளம்பரமாகிவிடும் ஆபத்தும் உண்டு. 2025 ஜனவரியில் செபி இதற்கு ஒரு வரம்பு கட்டியது: கல்வி என்ற பெயரில் நடத்துபவர்கள் கடைசி மூன்று மாதப் பங்கு விலைகளைக் காட்டிப் பேசக் கூடாது.

அமெரிக்காவில் பங்குத் தரகர்களை ஒழுங்குபடுத்தும் ஃபின்ரா அமைப்பின் முதலீட்டாளர் கல்வி அறக்கட்டளை 2007-ல் அந்நாட்டு நூலகச் சங்கத்தோடு சேர்ந்து பொது நூலகங்களுக்கே மானியம் கொடுத்தது. எதையும் விற்காத, எல்லோரும் நுழையக்கூடிய இடம் என்பதால் அந்தத் தேர்வு சரியானது. 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த தமிழ்நாட்டுக்கு இது எட்டாத யோசனை இல்லை. சொத்துவரியோடு நூலக வரியும் கட்டும் தாம்பரத்தாருக்குக் கிளை நூலகத்தில் இப்படியொரு வகுப்பைக் கேட்க எல்லா நியாயமும் உண்டு.

வங்கியில் மறந்த பணத்தைத் தேட ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்கம் என்ற இணையத்தளத்தைத் தொடங்கியது. பங்குக்கும் டிவிடெண்டுக்கும் முதலீட்டாளர் கல்வி நிதிய ஆணையத்தின் தளத்தில் தேடி, ஐ.இ.பி.எஃப்.-5 படிவத்தில் விண்ணப்பிக்கலாம். அந்தப் படிவத்துக்கு அரசுக் கட்டணம் கிடையாது. உங்கள் சங்கம் மானியத்துக்கு விண்ணப்பிக்க நினைத்தால், முதல் வகுப்பை இந்தத் தேடலில் தொடங்குங்கள்.