துவக்கு தானாக வெடிப்பதில்லை

"துப்பாக்கி தவறுதலாக இயங்கியதில் ஒருவர் உயிரிழப்பு." இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளை வாசிப்போருக்கு இந்த வாசகம் புதியதன்று. பொலிஸ் தரும் தகவல் இவ்வாறே வரும். செய்திமேசையும் அவ்வாறே அச்சுக்கு அனுப்பும். பல்லாண்டுகள் இத்தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இந்த வாசகத்தின் ஒரு குறைபாட்டை நான் அடிக்கடி எண்ணிப் பார்த்ததுண்டு. அதில் மனிதன் இல்லை. துப்பாக்கி மட்டுமே இருக்கிறது. ரவையை இட்டவர் யார், விசையில் விரல் வைத்தவர் யார் என்ற கேள்விகள் அதற்குள் மறைந்துவிடுகின்றன. ஊவாவின் வரலாற்றை அக்கேள்விகளோடு புரட்டிப் பார்த்தால் சில உண்மைகள் தெளிவாகும்.

பதுளை நகரில் புனித மாற்கு தேவாலயம் இருக்கிறது. மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுந்தது அது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த அவர், ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் எனச் சொல்லப்படுகிறது. 1845ஆம் ஆண்டு ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். யானைகளின் சாபம் என்று பேசுவோர் இன்றும் உளர். அக்கதையை விட்டுவிட்டு அக்காலத்துத் துவக்கைப் பார்ப்போம். குழலின் வாயினூடாக மருந்தும் குண்டும் இட்டு, பின்புறத்தில் சிறு கேப்பைப் பொருத்துவார்கள். சுத்தி அந்தக் கேப்பின்மேல் படிந்திருக்கும் நிலையில் கல்லிலோ கிளையிலோ பட்டால் போதும், வெடித்துவிடும். எனவே சுத்தியைப் பாதியளவில் பின்னிழுத்து நிறுத்துவதே அன்றைய பாதுகாப்பு. அந்தப் பள்ளம் தேய்ந்திருந்தால் அதுவும் இல்லை.

இவ்வாறு ரவை ஏற்றிய துவக்குகளை மலைப்பாதையில் சுமந்து சென்றவர்கள் துரைமார் அல்லர். வேட்டைக்காரருக்குப் பின்னால் மாற்றுத் துவக்குகளோடு ஓடிய உள்ளூர்க் கூலியாட்களே. சாமுவேல் பேக்கர் வெளியிட்ட இலங்கை வேட்டை நூலில் இவர்கள் அடிக்கடி வருகிறார்கள். துவக்கு ஒருவருக்குச் சொந்தம், அதன் ஆபத்து வேறொருவர் தோளில். மலைநாட்டில் துவக்கின் கதை இப்படித்தான் தொடங்குகிறது.

கோப்பி அழிந்து தேயிலை வந்த பின்னரும் இந்நிலை மாறவில்லை. 1900இல் ஐரோப்பியத் தோட்டத்துரைமாரைக் கொண்டு இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படை அமைக்கப்பட்டது. 1949 வரை அது இயங்கியது. 1915 கலவரத்தை அடுத்து 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. அதன்பின் அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருப்பது குற்றம். பங்களாவில் துவக்கு இருந்தது. லயத்தில் இருந்தவரோ அதன் முன்னால் நிற்பவராகவே இருந்தார்.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். எழுந்த எதிர்ப்பினால் விசாரணை ஆணைக்குழு ஒன்றை நியமிக்க அரசுக்கு நேர்ந்தது. கோவிந்தனின் மனைவிக்காக அதன்முன் தோன்றியவர் கொல்வின் ஆர். டி சில்வா. சுட்டவர் யார், சுடவேண்டிய தேவை இருந்ததா என்ற கேள்விகள் ஒரு தோட்டத் தொழிலாளியின் சாவுக்காகப் பகிரங்கமாகக் கேட்கப்பட்டன என்பதே இதில் முக்கியம். அதே ஆண்டு வேலைநிறுத்த அலை ஊவாவுக்கும் பரவியது. பதுளையின் வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு குழுவைத் தெரிவுசெய்தனர். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதந்தாங்கிய பொலிஸாரிடமிருந்து ஆயுதங்களையே பறித்துக்கொண்டனர். பின்னர் அடக்குமுறையாலும் வெள்ளத்தாலும் அப்போராட்டம் ஓய்ந்தது.

உரிய நேரத்துக்கு முன்னரே வெடித்தவற்றில் பெரியது 1971இல் ஊவாவில்தான் வெடித்தது. மார்ச் மாதத்தில் நெலுந்தெனியவில் குண்டு தயாரிக்கையில் ஏற்பட்ட வெடிப்பு மக்கள் விடுதலை முன்னணியின் ஏற்பாடுகளை வெளிக்காட்டியது. ஏப்ரல் 5 இரவில் நாடெங்கும் பொலிஸ் நிலையங்களைத் தாக்குவது திட்டம். ஆனால் வெல்லவாய பொலிஸ் நிலையம் அன்று அதிகாலையிலேயே தாக்கப்பட்டது. இரு பொலிஸார் மாண்டனர். நேரத்தைப் பிறழ உணர்ந்ததே காரணம் என்பர். அரசு விழித்துக்கொண்டது. அக்கிளர்ச்சியாளரின் ஐந்து வகுப்புகளில் ஒன்று, தோட்டத் தமிழரை இந்திய விஸ்தரிப்புவாதத்தின் கருவியாகச் சித்திரித்தது என்பதையும் இங்கு நினைவில் கொள்ளவேண்டும். அரசின் துவக்கும் கிளர்ச்சியாளரின் துவக்கும் லயங்களுக்கு அந்நியமானவையே.

யுத்த காலத்தில் பெரிய துவக்கின் இடத்தை இடுப்பில் மறைத்துக்கொள்ளும் பிஸ்டல் பிடித்துக்கொண்டது. அரசியல்வாதிகளும் வசதி படைத்தோரும் தற்பாதுகாப்புக்கென அனுமதி பெற்றனர். 2024 இறுதியில் அத்தகைய ஆயுதங்களை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. மறைத்து வைத்த பிஸ்டல் முதலில் மிரட்டுவது அதை வைத்திருப்பவரின் தொடையையும் வயிற்றையுமே. விசையை முழுதாக மூடும் விறைப்பான உறை வேண்டும். சாவியும் சில்லறையும் கிடக்கும் பையிலோ சாரத்தின் மடிப்பிலோ செருகுவது விபத்தை அழைப்பதாகும். உறைக்குள் செருகும்போது விரலோ சட்டைத் துணியோ விசையில் சிக்கக்கூடாது. மகசினைக் கழற்றிவிட்டதால் ஆயுதம் வெறுமையாகிவிட்டது என்று நம்புவது இன்னொரு கொடிய பிழை. குழலறையில் ஒரு ரவை மிஞ்சியிருக்கலாம். மகசினைக் கழற்றியபின் அறையைத் திறந்து கண்ணாலும் விரலாலும் பார்க்கவேண்டும். அப்போதும் குழல் மனிதரை நோக்கக்கூடாது. விபத்துகளைத் துருவிப் பார்த்தால் பெரும்பாலும் இவற்றுள் ஒன்று மீறப்பட்டிருக்கும்.

ஆனால் இவ்விதிகள் எதற்கும் அடங்காத துவக்கு ஒன்றுண்டு. காட்டுப்பன்றிக்காக மரத்தில் கட்டி, பாதையின் குறுக்கே நூலோ கம்பியோ இழுத்துவிடும் கட்டுத்துவக்கு. மொனராகலை, பிபிலைப் பக்கத்துக் காட்டோரங்களில் இது அறிமுகமானது. பன்றியின் உயரத்துக்கு வைக்கப்படுவதால் விறகுக்கும் தேனுக்கும் போகிறவரின் முழங்காலும் தொடையும் சிதைகின்றன. விசையை இழுப்பது பாதிக்கப்பட்டவரின் காலே. வைத்தவரோ வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பார். சட்டவிரோத ஆயுதமாதலால் அவர் முன்வரவும் மாட்டார். ரோஜர்ஸ் காலத்தில் துவக்கைச் சுமந்த கூலியாளின் நிலை இன்னும் முற்றாக மாறவில்லை.

ஆகவே செய்திமேசையில் இன்று அமர்ந்திருக்கும் இளைஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 'துப்பாக்கி தவறுதலாக இயங்கியது' என்று தகவல் வந்தால் அத்துடன் நிறுத்தாதீர்கள். அது யாருடையது, யார் ரவை ஏற்றினார், குழல் யாரை நோக்கியிருந்தது என்று தொலைபேசியில் மேலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். பதில் கிடைத்தால் எழுதுங்கள். கிடைக்காவிட்டால், கேட்டும் பதில் கிடைக்கவில்லை என்பதை எழுதுங்கள்.