கிராஸ்பி காரெட் தலைக்கவசம்

இங்கிலாந்தின் வடமேற்கே கம்ப்ரியாவில், கிராஸ்பி காரெட் என்னும் சிற்றூரை அடுத்த மேய்ச்சல் நிலத்தில் 2010 மே மாதம் கிடைத்த உரோமானியக் குதிரைவீரர் தலைக்கவசம். முழு முகத்தையும் மறைக்கும் முகமூடி உடையது. மெட்டல் டிடெக்டர் கருவியோடு நிலத்தைத் துழாவிவந்த இளைஞர் ஒருவர் இதைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஏலத்தில் 22,81,250 பவுண்டுக்கு விற்றுப்போனது. மண்ணிலிருந்து எடுத்த பழம்பொருளுக்கு விலை வைப்பது எப்படி, அது யாருக்கு உரியது என்ற விவாதங்களில் இன்றும் பேசப்படும் கவசம் இது.

கவசத்தைக் கண்டெடுத்த இளைஞரும் அவர் தந்தையும் அந்த நிலங்களைச் சில ஆண்டுகளாகவே அலசிவந்தார்கள். சில உரோமானியக் காசுகளைத் தவிரப் பெரிதாக எதுவும் அகப்படவில்லை. கவசம் கிடைத்தபோதும் அதன் அருமை உடனே தெரிந்துவிடவில்லை. முகமூடி குப்புறக் கிடந்தது, தலைப்பகுதி நொறுங்கியிருந்தது. பெரிதும் சிறிதுமாக 67 துண்டுகள். விக்டோரியா காலத்து அலங்காரப் பொருளாக இருக்கும் என்றுதான் முதலில் எண்ணினார். ஏல நிறுவனங்களின் பட்டியல்களைப் புரட்டி, வணிகர்களிடம் விசாரித்த பிறகே விவரம் புரிந்தது.

கவசம் செம்பும் துத்தநாகமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் ஆனது. முகமூடிக்கு வெள்ளீயப் பூச்சு இருந்தது. புதிதாக இருந்தபோது வெள்ளிபோல் மின்னியிருக்கும். தாடியில்லாத இளைஞன் முகம், நெற்றியைச் சுற்றிச் சுருள்சுருளாக முடி, கண்களுக்குத் துளை. தலையில் உச்சி முன்பக்கமாகச் சாய்ந்த ஃபிரிஜியத் தொப்பி. அதன் முனையில் சிறகுள்ள கிரிஃபின் ஒன்று, குடுவையின் மேல் ஒரு பாதத்தை வைத்தபடி இருக்கிறது. கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட அந்தக் கற்பனை விலங்கு நம் கோயில் தூண்களில் நிற்கும் யாளியை நினைவூட்டும். இப்படி ஃபிரிஜியத் தொப்பியும் கிரிஃபினும் சேர்ந்த கவசம் பார்ப்பது மிக அரிது. காலம் கி.பி. 1ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்டது.

போர்க்களத்துக்கு இது உதவாது. உரோமானியக் குதிரைப்படையினர் ஊரார் முன் நடத்திய பயிற்சி விளையாட்டுகளுக்கான அணிகலன் என்பதே அறிஞர் கருத்து. முகம் மறைக்கும் இத்தகைய கவசங்களை அணிந்து வீரர்கள் ஈட்டி எறிந்து விளையாடியதை 2ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஆர்ரியன் விவரித்திருக்கிறார். பிரிட்டனில் இதற்கு முன் ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்த முகமூடிக் கவசங்கள் இரண்டே. ஒன்று 1796இல் ரிப்செஸ்டரில் கிடைத்து இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. மற்றொன்று ஸ்காட்லாந்தின் நியூஸ்டெடில் கிடைத்தது.

இவ்வளவு அரிய பொருள், சட்டத்தின் கண்ணில் புதையலே அல்ல. 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அப்போது, 300 ஆண்டுக்கு மேல் பழையதாகவும் எடையில் பத்தில் ஒரு பங்காவது பொன்னோ வெள்ளியோ கலந்ததாகவும் இருந்தால்தான் தனிப்பொருள் ஒன்று புதையலாகக் கருதப்பட்டது. அப்படி ஆகியிருந்தால் மரண விசாரணை அதிகாரியான கொரோனர் முன் விசாரணை நடக்கும். நிபுணர்கள் சந்தை விலையை மதிப்பிடுவார்கள். மதிப்பீட்டுக் குழு அதைச் சீர்தூக்கிப் பரிந்துரைக்கும். அருங்காட்சியகம் அந்தத் தொகையைக் கட்டிப் பொருளை எடுத்துக்கொள்ளும். தொகை வழக்கமாகக் கண்டெடுத்தவருக்கும் நிலக்காரருக்கும் சரிபாதி. கிராஸ்பி காரெட் கவசத்தில் பொன்னுமில்லை, வெள்ளியுமில்லை. எனவே விரும்பியவருக்கு விற்கலாம் என்றாகிவிட்டது. இந்தியாவின் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமோ உலோகத்தைக் கேட்பதில்லை; மண்ணில் மறைந்திருந்த, 10 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எதைக் கண்டெடுத்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தமிழகத்தில் கடைக்கால் தோண்டும்போது வெளிப்படும் ஐம்பொன் சிலைகள் தாசில்தார் அலுவலகத்துக்குப் போவது இதனால்தான். இந்த ஒரு விஷயத்தில் பழைய சட்டமே விவரமானது.

விற்பனையை ஏற்ற கிறிஸ்டீஸ் நிறுவனம் 2 லட்சம் முதல் 3 லட்சம் பவுண்டு வரை போகும் என்று கணித்தது. ஒப்பிட்டுப் பார்க்க அண்மையில் விற்ற கவசம் எதுவும் இல்லாத இடத்தில் கணிப்பு தடுமாறுவது இயல்பே. ஆனாலும் இது ஏழெட்டு மடங்குத் தடுமாற்றம். கார்லைலில் உள்ள டல்லி ஹவுஸ் அருங்காட்சியகம் கவசத்தை உள்ளூரிலேயே வைத்துக்கொள்ள மக்களிடம் நிதி திரட்டியது. தேசிய மரபுரிமை நினைவு நிதியம் 10 லட்சம் பவுண்டு தர முன்வந்தது. அக்டோபர் 7 அன்று அருங்காட்சியகம் 17 லட்சம் வரை கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டது. தொலைபேசி வழியே கேட்ட, பெயர் வெளியிடாத ஒருவர் 20 லட்சத்துக்கு எடுத்தார். ஏலக் கட்டணமும் சேர்ந்ததுதான் முதலில் சொன்ன தொகை.

ஏலத்துக்கு முன்பே துண்டுகளை ஒட்டிச் சீராக்கிவிட்டார்கள். அதற்குச் சுமார் 240 மணி நேரம் பிடித்தது. முழு உருவம் கூடியதும் விலை ஏறியது. தொல்லியலாளர்கள் ஆய்ந்திருக்க வேண்டிய தடயங்களோ குறைந்தன. உடைந்த விளிம்பு, ஒட்டியிருந்த மண், அரிப்புப் படலம் இவற்றையெல்லாம் ஒட்டுவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். புதைத்தவர்கள் கவசத்தை வேண்டுமென்றே மடக்கி வைத்தார்களா என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருந்தது. பொருள் கிடைத்த இடத்தின் மதிப்போ ஏலத்தில் ஏறவே ஏறாது. கண்டெடுத்தவர் பின்னர் அந்த இடத்தைத் தொல்லியலாளர்களுக்குக் காட்டினார். அதைச் சுற்றிப் பார்த்தபோது உரோமானியர் கால வேளாண் குடியிருப்பின் சுவடுகள் தெரிந்தன; 4ஆம் நூற்றாண்டுச் செப்புக் காசுகளும் அகப்பட்டன. படைக்கோட்டை அல்லாத ஓர் உழவர் ஊரில் குதிரைவீரனின் கவசம் எப்படி வந்தது என்பது கவசத்தைவிடச் சுவையான கதை.

சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்ற குரல் இந்த விற்பனைக்குப் பின் வலுத்தது. 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, 200 ஆண்டுக்கு மேல் பழைமையும் தனிச்சிறப்பான வரலாற்று முக்கியத்துவமும் உள்ள உலோகப் பொருள்கள், எந்த உலோகமானாலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதையலாகக் கருதப்படும். திருத்தம் பழைய கண்டுபிடிப்புகளைத் தொடாது. ஏலத்தில் எடுத்தவர் கவசத்தை 2012இல் லண்டன் ராயல் அகாடமியின் வெண்கலக் கண்காட்சிக்கும், அடுத்த ஆண்டு டல்லி ஹவுஸுக்கும் இரவலாகத் தந்தார். கார்லைல் மக்கள் தாங்கள் நிதி கொடுத்தும் வாங்க முடியாமல் போன பொருளை அங்கேதான் முதன்முதலாகத் தங்கள் ஊரில் நேரில் கண்டார்கள்.