வயலுக்கடியில் ஷேல் காஸ்

சிவாஜிநகரில் குடியிருந்தாலும் நமக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். "வயலுக்கடியில ஷேல் காஸ் இருக்காமே, நிலம் விலை ஏறுமாடா?" என்று 2013-ல் அப்பா போனில் கேட்டார்.

ஷேல் என்பது களிமண் இறுகிய பாறை. அதற்குள் அடைபட்ட வாயுவை, தண்ணீரை அழுத்தி ஏற்றிப் பாறையைப் பிளந்து லாபமாக எடுக்கலாம் என்று 1998-ல் டெக்சாஸில் ஜார்ஜ் மிட்செலின் கம்பெனி காட்டியது. உலகமே கணக்குப் போட ஆரம்பித்தது.

2012-ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை, காவிரி உட்பட நம் மூன்று படுகைகளில் எடுக்கக்கூடியது 6.1 டிரில்லியன் கன அடி என்றது. மறு வருடமே அந்நாட்டு எரிசக்தித் தகவல் நிர்வாகம், நான்கு படுகைகளுக்கு 96 என்றது! லோன் கேட்பவர் இப்படி இரண்டு வேல்யுவேஷன் கொண்டுவந்தால் பைலைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஒரு கிணற்றுக்கே கோடி லிட்டர் தண்ணீர் வேண்டியிருக்கும். மேட்டூர் திறந்தால்தான் நடவு என்கிற ஊரில் எங்கே போவது? மீத்தேன் திட்டத்தை எதிர்த்து நம்மாழ்வார் ஊர் ஊராகப் போனதும் அந்த 2013-ல்தான், டிசம்பரில் காலமானார். 2020-ல் வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. டெல்டாவில் புதிதாக ஷேல் காஸ் எடுக்கத் தடை.

ஆனால் 2018 மார்ச்சில் அமெரிக்க எரிவாயுக் கப்பல் தாபோல் வந்து சேர்ந்தது. தாபோலிலிருந்து பெங்களூருக்குப் பைப்லைன் இருக்கிறது. நம் வயல் பிழைத்தது; எரிவது யாருடைய வயலடி வாயுவோ! எனக்கு இந்தக் கணக்கு இன்னும் டேலி ஆகவில்லை.