சத்னாம் எந்தக் காலேஜ்?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தா காரைக்கால் தெருவில் ஒரே கேள்விதான்: "பையன் எந்தக் காலேஜ்?" அமெரிக்காவில் கூடைப்பந்து ரசிகர்கள் இதையே முன்பின் தெரியாத பள்ளி மாணவர்களைப் பற்றிக் கேட்டு, மாதக்கணக்கில் ஊகம் பண்ணுவார்கள்.

இதைச் சூடாக்கியது 2005இல் வந்த விதி. கோபி பிரயன்ட் (1996), லெப்ரான் ஜேம்ஸ் (2003) எல்லாம் பள்ளியிலிருந்து நேரே என்பிஏ போனவர்கள். அதன்பிறகு 19 வயது ஆகணும், பள்ளி முடிந்து ஓராண்டு கழியணும். அந்த ஓராண்டை எந்தக் கல்லூரியில் கழிப்பது என்பதுதான் பந்தயம்.

இந்த வரிசையில் நம்ம நாட்டுப் பையன் ஒருவனும் நின்றான். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து சத்னாம் சிங்; 7 அடி 2 அங்குலம். 2010இல், 14 வயதில், உதவித்தொகையோடு ஃப்ளோரிடாவின் ஐஎம்ஜி அகாடமிக்குப் போனார். போகும்போது இங்கிலீஷ் தெரியாது. உயரம் இருந்தும், கல்லூரி ஆட்டத்துக்கு வேண்டிய படிப்புத் தகுதி எட்டவில்லை. கல்லூரிக் கதவு மூடியதும் 2015இல் நேரே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார். டல்லஸ் மாவரிக்ஸ் 52ஆவதாக எடுத்தது. இந்தியாவில் பிறந்து அப்படித் தேர்வான முதல் ஆள் அவர்தான். ஆனால் என்பிஏ சீசன் ஆட்டம் ஒன்றுகூட ஆடக் கிடைக்கவில்லை.

ரசிகர்கள் பார்ப்பது உயரத்தையும் பாயின்ட்டையும். கல்லூரி வாசலில் கேட்பது மார்க்‌ஷீட்டை. கற்றுக்கொள்ள அந்த ஓராண்டு அவருக்குக் கிடைத்திருந்தால்? ஊகிக்க வேண்டிய கேள்வி இதுதான்னு எனக்குத் தோணுது.