முன்சக்கரத் திசைமாற்றி இணைப்பின் வரலாறு

முன்சக்கரத் திசைமாற்றி இணைப்பு என்பது, ஓட்டுநர் ஸ்டியரிங்கைச் சுழற்றும் அசைவை இரண்டு முன்சக்கரங்களுக்கும் கொண்டு சேர்க்கும் தண்டுகள், கைகள், பந்து மூட்டுகள் ஆகியவற்றின் தொகுதியாகும். பட்டறைகளில் இது ஸ்டியரிங் லிங்கேஜ் எனப்படுகிறது. கால் பிரேக் பழுதானால் கைப்பிரேக் உண்டு. இந்த இணைப்பில் ஒரு மூட்டு கழன்றால் கைகொடுக்க வேறொன்றும் இல்லை. பழைய கார்களைப் புதுப்பிக்கும்போது இதற்குத் தனிக் கவனம் தேவைப்படுவது இதனால்தான்.

மாட்டு வண்டியும் தேரும்

பூதலூர் முதலிய காவிரிப் படுகை ஊர்களில் நெல் மூட்டை ஏற்றிச் சென்ற மாட்டு வண்டிக்கு இத்தகைய இணைப்பு தேவைப்படவில்லை. ஓர் இருசில் இரண்டு சக்கரங்கள் மட்டுமே இருந்ததால், மாடுகள் திரும்பினால் வண்டியும் திரும்பியது. ஒன்றுக்கு மேற்பட்ட அச்சுகள் கொண்ட ஊர்திகளில்தான் சிக்கல் எழுகிறது. திருவாரூர் ஆழித்தேரின் அச்சுகள் திரும்பாதவை. எனவே வீதி முனைகளில் சக்கரங்களுக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புகின்றனர். 1970-இல் திருச்சி பெல் நிறுவனத்தின் உதவியால் இரும்பு அச்சும் சக்கரங்களும் பொருத்தப்பட்டன. அதன் பிறகும் தேரைத் திருப்புவது முட்டுக்கட்டையே.

ஐரோப்பாவில் தோன்றிய தீர்வு

ஐரோப்பிய நான்கு சக்கரக் கோச்சு வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடு ஆணி ஒன்றின் மீது திரும்பியது. கூர்மையாகத் திருப்பும்போது வண்டி கவிழும் அபாயம் இருந்தது. மியூனிக் நகரின் வண்டி செய்பவரான கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர் அச்சை அசையாமல் நிறுத்தி, இரு முனைகளிலும் சக்கரங்கள் தனித்தனி முளைகளில் திரும்பும்படி அமைத்தார். அவருக்காக ருடால்ஃப் ஆக்கர்மன் 1818-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். இதனால் அமைப்புக்கு ஆக்கர்மன் பெயரே நிலைத்தது.

திரும்பும்போது உட்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்கின்றன. ஆகவே உட்பக்கச் சக்கரம் அதிகமாகத் திரும்ப வேண்டும். இல்லையெனில் டயர் தேய்ந்துகொண்டே இழுபடும். 1878-இல் பிரான்சின் சார்ல் ழாந்தோ இதற்கு எளிய வடிவ விதியைத் தந்தார். ஒவ்வொரு பக்கமும் கிங் பின்னையும் டை ராட் முனையையும் இணைத்துக் கோடு வரைந்தால், இரு கோடுகளும் பின் அச்சின் நடுப்பகுதியில் சந்திக்க வேண்டும் என்பதே அது. 1886-இல் கார்ல் பென்ஸ் தம் முதல் காருக்கு மூன்று சக்கரங்களே வைத்தார். 1893-இல்தான் இரு முளைத் திசைமாற்றியுடன் நான்கு சக்கரக் காரைக் கொண்டுவந்தார்.

ஹாட் ராட் கார்கள்

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் ஃபோர்டு டி மாடல் கார்கள் தயாராயின. 1930-களில் கலிபோர்னிய இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டுகளைக் கழற்றி, எஞ்சினின் வேகத்தைக் கூட்டி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினர். இவையே ஹாட் ராட் எனப்பட்டன. ஒரு காரின் அச்சு, இன்னொன்றின் ஸ்டியரிங் பெட்டி, மற்றொன்றின் டை ராட் என்று கலந்து பொருத்தியதால் பழைய கணக்குகள் தவறின.

தமிழ்நாட்டில்

1929-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ரானே நிறுவனம் முதலில் வாகனங்களையும் உதிரிபாகங்களையும் விற்றுவந்தது. 1953-இல் இந்திய அரசு, உள்நாட்டில் உற்பத்தி செய்யாமல் பாகங்களைப் பூட்டி மட்டும் விற்ற நிறுவனங்களுக்கு இடமில்லை என முடிவு செய்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. 1960-களில் ரானே சென்னையிலேயே திசைமாற்றி இணைப்புப் பாகங்களைத் தயாரித்தது.

பாதுகாப்பாகப் பொருத்தும் முறை

ஒற்றை முன் அச்சு கொண்ட பழைய கார்களில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சக்கரங்கள் நேராக நிற்கும்போது ஸ்டியரிங் பெட்டி அதன் சுழற்சியின் நடுவில் இருக்க வேண்டும். டை ராட்டை அச்சின் பின்புறத்திலிருந்து முன்புறத்துக்கு மாற்றினால், ஸ்டியரிங் கைகளின் முனைகள் வெளிப்பக்கமாக விரிய வேண்டும். பழைய கைகளையே இடவலமாக மாற்றிப் பூட்டினால் ழாந்தோவின் விதி தலைகீழாகிவிடும். டிராக் லிங்க் நகரும் வளைவும் அச்சு ஏறி இறங்கும் வளைவும் பொருந்தாவிட்டால், பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டியரிங்கைத் தொடாமலே கார் திரும்பும். முழுதாகத் திருப்பிய நிலையிலும் தண்டுகள் சேசிஸிலோ பிரேக் குழாயிலோ உரசக்கூடாது. வார்ப்பு அல்லாமல் அடித்துச் செய்த எஃகுக் கைகளைச் சூடாக்கி வளைத்தால் அவற்றின் வலிமை கெடும். பந்து மூட்டின் கூம்பு முளை அதன் துளையில் முழுதாகப் பொருந்த வேண்டும். காட்டர் பின் துளை நேர்ப்படாவிட்டால் நட்டை மேலும் இறுக்கலாமே தவிரத் தளர்த்தக்கூடாது.

சட்டம்

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 98-ஆவது விதி, ஸ்டியரிங்கில் 30 பாகைக்கு மேல் வெற்றாட்டம் இருக்கக்கூடாது, பந்து மூட்டுகளுக்கு ரப்பர் உறை வேண்டும், போல்ட்டுகளும் பின்களும் உறுதியாகப் பூட்டப்பட வேண்டும் என்கிறது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. 2021-இல் வந்த விதிகளின்படி 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவிலேயே பேணப்படும் கார்களுக்குத் தனிப் பதிவு உண்டு. சேசிஸும் எஞ்சினும் மாற்றப்பட்ட ஹாட் ராட் இதில் சேராது.

மாட்டு வண்டியில் சக்கரம் கழலாமல் காப்பது கடையாணி. காரின் திசைமாற்றி இணைப்பில் அதே வேலையைச் செய்வது காட்டர் பின். விலையில் மிகச் சிறிய இந்தக் கம்பியை ஒருமுறை கழற்றினால் மீண்டும் போடக்கூடாது. ஒவ்வொரு முறையும் புதியதையே பொருத்த வேண்டும்.