முறை வைத்து உடைப்பது

லாரல்–ஹார்டி படம்னாலே ஓட்டம், உதை, விழுதல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ‘பிக் பிசினஸ்’ (1929) மௌனப்படத்தை மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது: இதுல யாருமே அவசரப்படல.

கலிஃபோர்னியா வெயிலில் ரெண்டு பேரும் வீடு வீடாகப் போய் கிறிஸ்துமஸ் மரம் விற்கிறார்கள். ஜேம்ஸ் ஃபின்லேசன் வேண்டாமென்று கதவைச் சாத்த, மரக்கிளை கதவிடுக்கில் மாட்டிக்கொள்கிறது. மறுபடி மணி அடிக்கணும். எரிச்சலில் அவர் மரத்தை வெட்ட, இவர்கள் அவர் வீட்டை உடைக்க, அவர் இவர்கள் காரைப் பிய்த்து எறிகிறார்.

கவனிங்க, ஒருத்தர் உடைக்கும்போது மற்றவர் தடுப்பதில்லை. நின்று முழுசா பார்க்கிறார். யோசிக்கிறார். அப்புறம்தான் தன் முறைக்குக் கிளம்புகிறார். போலீஸ்காரரும் தடுக்காமல் நோட்டில் குறித்துக்கொண்டிருக்கிறார்!

இதற்கு முன் கீஸ்டோன் கம்பெனிப் படங்களில் துரத்தல்தான் சிரிப்பு. 1927-ல் ஹால் ரோச் ஸ்டூடியோவில் இவர்கள் ஜோடி சேர்ந்தபோது, அங்கிருந்த லியோ மெக்கேரி வேகத்தைக் குறைக்க வைத்தார். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இடைவெளி வந்தது. சிரிப்பு அங்கே குடியேறியது.

ஒருமுறை ஆபீசில் ஒரு பக் யாருடையது என்று ரெண்டு டீமுக்குள் மெயில் சண்டை. நானும் அதில் உண்டு. நிதானமா யோசித்து, முறை வைத்துத்தான் பதில் போட்டோம். சிசி-யில் மேனேஜர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பக் அப்படியே இருந்தது.

கோபத்தில் கண்ணு தெரியலன்னு சொல்வோம். ஃபின்லேசனுக்கு நல்லாவே தெரிந்தது. நிறுத்த நேரமும் இருந்தது. எனக்கும்தான்.